பச்சை நிறத்தில் எங்கள் தோட்டம்

சுங்கை நீப்பா தோட்டம்,
கோல சிலாங்கூர்.
12 ஜனவரி 2024

கணேஸ்வரனுக்கு,

இது காரியக் கடிதம். உறவு கொண்டாட எழுதவில்லை. மண் ஈரம் பார்க்கிற உன் பெட்டியிலிருந்து எடுத்த மெமரி கார்டு உள்ளே இருக்கிறது. இத்தனை நாளும் என் வீட்டுக்காரர், உன் மாமாதான் மாதா மாதம் இதைக் கூச்சிங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார், ஒரு வரி எழுதாமல். இந்த மாதம் நான் அனுப்புகிறேன். அதுவும் எனக்கு ஒரு கேள்வி இருப்பதால்தான்.

முதலில் ஒன்று. போன் அடிக்காதே. தீபாவளிக்கு வந்து, ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வேலை முடித்து வந்து சாப்பாட்டில் கை வைத்திருந்த உன் மாமாவைப் பார்த்து, "காலம் பூரா மண்டோராவே இருங்க, இந்த லயத்து வீட்டுலேயே கெடந்து சாவுங்க" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினாயே, அன்றைக்கே முனியாண்டி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டேன். அக்கா தம்பி என்று இனி பேச்சு இல்லை, இவன் குரல் என் வீட்டில் யார் காதிலும் விழக்கூடாது என்று. இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. குரல் என்றுதான் சொன்னேன், எழுத்து என்று சொல்லவில்லை. அதனால் எழுதலாம்.

கேள்வி இதுதான். டிசம்பர் பதினெட்டுக்குப் பிறகு இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. எட்டாம் பிளாக் பாரிட்டு வாய்க்காலில் முன்பெல்லாம் இடுப்பளவு தண்ணீர் ஓடும். இப்போது கணுக்கால் நனையாது. நர்சரியில் நான் காலையில் கன்றுகளுக்கு ஊற்றுகிற தண்ணீர் பத்து மணிக்குள் காணாமல் போகிறது. பைக்குள் விரலை விட்டால் பொடிதான் ஒட்டுகிறது. நம்ம மண் எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மக்கிப்போன மரமும் இலையும் ஆள் உயரத்துக்குப் படிந்து கிடக்கிறது, அதைத்தான் கம்புட் மண் என்கிறோம். ஈரம் போய்விட்டால் அது மண்ணே இல்லை, விறகு. நேற்றுக் காலையில் புகை வாடை வந்தது. தஞ்சோங் காராங் பக்கம் எரிகிறது என்கிறார்கள். எனக்கென்னவோ அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற வாடையாகத் தெரியவில்லை.

ஆபீஸ் சுவரில் உன் ஆட்கள் அனுப்பிய வறட்சி வரைபடம் தொங்குகிறது. அதில் நம்ம தோட்டம் பச்சையாக இருக்கிறது. ஆபத்தில்லை என்று அர்த்தமாம். அது நிஜமா?

கார்டு கிடைத்ததும் பதில் போடு. கார்டுக்குப் பதில் போட்டால் போதும், எனக்கு வேண்டாம்.

நாகமணி


கூச்சிங்
21 ஜனவரி 2024

அன்புள்ள அக்கா,

கார்டுக்குப் பதில்: நன்றாக இருக்கிறது. உனக்குப் பதில்: உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆபீசை விட்டு வெளியே போய், கார் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டுதான் பிரித்தேன். யாராவது செத்துப்போய்விட்டார்களோ என்று நினைத்துவிட்டேன்.

படம் நிஜம்தான். எப்படி என்று சொல்கிறேன். வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் மண்ணின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும், இரண்டு விரல் ஆழம். அது தஞ்சோங் காராங்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரைக்கும் எல்லாவற்றையும் சிவப்பு என்கிறது. நான் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த கருவி என்ன சொல்கிறதோ அதை வைத்துத் திருத்துவேன். இந்த வாரத்து ஈரத்தைப் போன வருடம், அதற்கு முந்தின வருடம் இதே வாரத்து ஈரத்தோடு வைத்துப் பார்ப்பேன். உன் கார்டில் டிசம்பர் கடைசி வாரம் நூற்றுக்கு அறுபத்தெட்டு. 2021-இல் இதே வாரம் ஐம்பத்தெட்டு. வருடா வருடம் ஏறித்தான் வந்திருக்கிறது. நாற்பதுக்குக் கீழே போனால்தான் கம்புட் மண்ணுக்கு ஆபத்து.

2022-இல் கம்பெனி பாரிட்டுகளை அடைத்துத் தண்ணீரைத் தேக்கியது அல்லவா? அதனால்தான் மண் தேறி வருகிறது என்று நான் ஒரு கட்டுரையே எழுதினேன். பாங்காக்கில் வாசித்தபோது கைதட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்லவா? அந்தத் தோட்டத்தில் நான் மூன்று கருவி வைத்தேன். இரண்டை ஒரே வருடத்தில் பேட்டரிக்காகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முனியாண்டி பக்கத்தில் வேலி போட்டு வைத்தது மட்டும் இன்றைக்கும் நிற்கிறது. முனி இருக்கிற இடத்தில் எவன் கை வைப்பான்? "இந்த யோசனை தோட்டத்துப் பையனுக்குத்தான் வரும்" என்று என் டைரக்டரே சொன்னார்.

ஆகவே பயப்படாதே. அன்றைக்குச் சொன்னது வாய் தவறி வந்துவிட்டது. மாமாவிடம் சொல். உன் மகள் குமுதா இப்போது எத்தனாவது படிக்கிறாள்?

தம்பி
கணேஸ்வரன்


சுங்கை நீப்பா தோட்டம்
30 ஜனவரி 2024

கணேஸ்வரனுக்கு,

"பயப்படாதே" என்று எழுதியிருக்கிறாய். கூச்சிங்கில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம்லா.

போன வாரம் எட்டாம் பிளாக்கில் ஒரு செம்பனை மரம் சாய்ந்தது. காற்று இல்லை, லோரி இடிக்கவில்லை. காலையில் போனால் படுத்துக் கிடக்கிறது. உன் மாமா போய் வேரைப் பார்த்துவிட்டு வந்தவர் மத்தியானம் சோற்றைத் தொடவில்லை. "வேரு வெந்த மாதிரி இருக்கு நாகு. புடிச்சு இழுத்தா கையோட வருது" என்றார். மறுநாள் வள்ளியம்மா வீட்டு நாய் அந்தப் பக்கம் போய்விட்டு நொண்டிக்கொண்டு வந்தது. தூக்கிப் பார்த்தால் பாதமெல்லாம் கொப்புளம். மேலே நெருப்பே இல்லை, கணேஸ்வரா. புல்கூடக் கருகவில்லை.

ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி குகனிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவால் உன் படத்தைத் தட்டிக் காட்டினார். "இங்க பாருங்கக்கா, பச்சை. செவப்பு இருக்கிற எடத்துக்குத்தான் நெருப்பணைக்கிற பொம்பா வண்டி போகும், பம்ப் இஞ்சின் போகும். உங்க தம்பி போட்ட படம்தானே? அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் இப்பவே மாத்துறேன்லா" என்றார். நம்ம தோட்டத்துப் பம்ப் இஞ்சினையும் தஞ்சோங் காராங் பக்கத்து டிவிஷனுக்கு இரவல் கொடுத்துவிட்டார்கள். முன்பு நாலு பேர் சேர்ந்து எட்டாம் பிளாக்கைச் சுற்றி வருவார்கள். இப்போது உன் மாமா தனியாக, ஒரு பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அவர் திரும்பி வந்து சைக்கிளைச் சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் வாசலிலேயே நிற்கிறேன்.

லயத்தில் எல்லோருக்கும் கிலிதான். தைப்பூசத்திலிருந்து மழைக்காக நாற்பத்தெட்டு நாள் அபிஷேகம் ஆரம்பித்திருக்கிறோம். இருபத்திரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு குடம். தண்ணீரை டேங்கர் லோரியில் மீரா சாகிபு அண்ணன் கொண்டு வந்து இறக்குகிறார். பூசாரி சேது தினமும் காலையில் முனியாண்டிக்குக் குளிரக் குளிர ஊற்றுகிறார். குமுதாவும் ஒரு சின்னக் குடம் தூக்குகிறாள். மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், கேட்டாயே.

உன் பெட்டியை நேற்றுப் பார்த்தேன். எழுபத்தொன்று காட்டுகிறது. மழையே இல்லாமல் எப்படி ஏறும்? என் விரல் பொடி என்கிறது, உன் பெட்டி ஈரம் என்கிறது. உன் படிப்பு பெரிதா என் விரல் பெரிதா என்று மல்லுக்கட்ட நான் வரவில்லை. இரண்டில் எது தப்பு என்று மட்டும் சொல்லு. இந்த மாதக் கார்டும் உள்ளே இருக்கிறது.

நீ சொல்லச் சொன்னதை உன் மாமாவிடம் சொன்னேன். பாராங்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நாகமணி


கூச்சிங்
7 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். முதல் மூன்று முறையும் உன் மேல் கோபம்தான் வந்தது. நான்காம் முறை படித்ததும் கார்டைக் கையில் எடுத்தேன்.

கார்டை மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஜனவரி 25-இலிருந்து தினமும் காலை ஏழரைக்கு ஈரம் ஏறுகிறது, மாலைக்குள் கொஞ்சம் இறங்குகிறது. அன்றைக்குத்தான் தைப்பூசம். பழைய கார்டுகளையெல்லாம் தோண்டி எடுத்தேன். 2022 செப்டம்பரிலிருந்து ஏழு நாளுக்கு ஒருமுறை இதே மாதிரி ஒரு சின்ன ஏற்றம் இருக்கிறது. நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன். பம்ப் போடுகிற நாளாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். என்ன கிழமை என்று பார்க்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை, அக்கா. எல்லாமே வெள்ளிக்கிழமை. அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், எனக்குத் தோன்றவே இல்லை.

நான் கருவியைப் புதைத்தபோது அங்கே மரத்தடியில் ஒரு சூலமும் கல்லும்தான் இருந்தன. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் அங்கேயே இழுத்துக்கொள்ளும். பெட்டி பத்தடி தள்ளி இருந்தது. இப்போது அபிஷேகத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது? நீ நேரில் போய்ப் பார்த்து, என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுது. முடிந்தால் அந்தத் தண்ணீரைக் கொஞ்ச நாள் வேறு பக்கம் திருப்பிவிட்டு, பெட்டி என்ன காட்டுகிறது என்று தினமும் குறித்து வை.

நான் நினைக்கிறபடி இருந்தால் படம் ஒன்றரை வருடமாகப் பொய் சொல்லியிருக்கிறது. கட்டுரையும் பொய். நிச்சயமாகத் தெரியாமல் டைரக்டரிடம் போக முடியாது. அது வரைக்கும் மாமாவை எட்டாம் பிளாக்குக்கு அனுப்பாதே. காலில் விழுந்தாவது தடுத்துவிடு. நான் அன்றைக்குச் சொன்ன சொல் ராத்திரியும் பகலும் என் காதிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது.

கணேஸ்வரன்


சுங்கை நீப்பா தோட்டம்
16 பிப்ரவரி 2024, வெள்ளி

தம்பி,

நீ வந்து போய்க்கொண்டு இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியதே இல்லை. 2022 ஆவணியில் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கோயில் பெயரில் உனக்கும் பத்திரிகை வந்தது, நீ வரவில்லை. மரத்தடிக் கோயில் இப்போது மரத்தடிக் கோயில் இல்லை. சிமெண்டு மேடை, தகரக் கூரை, கல்லில் கோமுகி எல்லாம் உண்டு. கோமுகியிலிருந்து தண்ணீர் போக ஒரு பிளாஸ்டிக் குழாய்.

அந்தக் குழாயை எங்கே விடுவது என்று அன்றைக்குப் பெரிய பேச்சு. "அபிஷேகத் தண்ணி மனுஷங்க கால்ல மிதிபடக் கூடாது" என்றார் சேது. யாருமே கால் வைக்காத இடம் இந்தத் தோட்டத்தில் எது? உன் வேலிக்குள்தான். கம்பெனிப் பெட்டி, கவர்மெண்டுப் பெட்டி என்று பயந்து ஆடு மாடுகூட உள்ளே போவதில்லை. அதனால் குழாயை உன் வேலிக்குள் விட்டார்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அந்த ஈரத்தில் துளசி வைத்தவளும் நான்தான். என் இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கிறது.

எங்களுக்குப் பயம் கூடக் கூட நாங்கள் குடம் குடமாக ஊற்றினோம். நாங்கள் ஊற்ற ஊற்ற உன் படம் பச்சையாகிக்கொண்டே போயிருக்கிறது.

சேது அபிஷேகத்தை நிறுத்த மாட்டேன் என்கிறார். "பாதியில நிறுத்தினா தோட்டமே தாங்காதும்மா" என்கிறார். நான் வற்புறுத்தவில்லை. நர்சரி ரப்பர் குழாயை எடுத்து வந்து கோமுகிக் குழாயோடு கட்டி, தண்ணீரைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற அரளிக்குத் திருப்பிவிட்டேன். இன்றைய எண் எழுபத்து மூன்று.

18, ஞாயிறு. அறுபத்தொன்று.

உன் மாமாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். அழுதும் பார்த்துவிட்டேன். "படம் பச்சையா இருக்கிறப்ப நான் போகமாட்டேன்னா வேலைக்குப் பயந்தவன்னு எழுதிடுவான். பெட்டி உன் தம்பிது, படமும் அவன்து. அவன் ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னைக்கே நிக்கிறேன்" என்கிறார். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தார். "மண்டோரு சொன்னா யாரு கேப்பா?" என்றார். உன் சொல் இன்னும் அவர் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது.

20, செவ்வாய். நாற்பத்தெட்டு. துளசி வாடுகிறது.

22, வியாழன். முப்பத்தாறு.

நாற்பதுக்குக் கீழே போனால் ஆபத்து என்று எழுதியிருந்தாய். ஒரு வாரம் தண்ணீர் காட்டாத இடமே முப்பத்தாறு. இரண்டு மாதமாக ஒரு சொட்டும் காணாத எட்டாம் பிளாக்கில் என்ன இருக்கும்? நாளைக் காலையில் பொஸ் லாஜு விரைவுத் தபாலில் இதை அனுப்புகிறேன். கிடைத்த அன்றே ஆபீசுக்குச் சொல்லிவிடு. உன் மாமா எடுத்து வைக்கிற கால் உன் வாய்ச் சொல்லில் இருக்கிறது, தம்பி.

அக்கா


கூச்சிங்
1 மார்ச் 2024, வெள்ளி

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இதை மறைத்து எழுதினால் நான் மனிதனே இல்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தாறு என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. போனை எடுத்தேன், வைத்தேன். தோட்ட ஆபீசுக்குச் சொன்னால் அவர்கள் உடனே டைரக்டரைக் கூப்பிடுவார்கள். கட்டுரையைத் திரும்ப வாங்கவேண்டும். ஒன்றரை வருடப் படங்கள் தப்பு, அந்தப் படங்களை வைத்துப் பம்பும் பொம்பாவும் எங்கெங்கோ போயிருக்கின்றன. என் வேலை போய்விடும் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், இன்னொரு முறை கணக்கைச் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று புதன்கிழமை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமையும் அப்படித்தான் போனது. கணக்கில் சரிபார்க்க ஒன்றுமே இல்லை.

இன்று காலை எட்டு மணிக்கு டைரக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "அந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கருவியை விட்டுவிட்டு, செயற்கைக்கோள் சொன்னதை வைத்து மறுபடியும் படம் போட்டேன். உங்கள் தோட்டம் சிவப்பு. எட்டாம் பிளாக் சிவப்பிலும் கரும் சிவப்பு. அந்தப் பக்கம் முழுவதிலும் அதைவிட மோசமான இடம் இல்லை. ஆனால் புதுப் படம் கமிட்டியில் தேறி வெளியே வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார்கள்.

தோட்ட ஆபீசுக்கு ஆறு முறை அடித்துவிட்டேன். யாரும் எடுக்கவில்லை. குகன் கைப்பேசி அணைந்து கிடக்கிறது. மாமாவுக்குப் பதினொரு முறை அடித்தேன். சத்தியம் எனக்கும் ஞாபகம் இருக்கிறது, இருந்தாலும் அடித்தேன். அதுவும் போகவில்லை. உனக்கும் அடித்தேன், லைன் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஆபீசில் ஏன் ஒரு ஆள்கூட இல்லை, அக்கா?

கம்புட் மண் கீழே எரிந்தால் மேலே தெரியாது. உள்ளே கூடாகிவிடும், மேலே புல்லும் சருகும் மூடியிருக்கும். கால் வைத்தால் இறங்கிவிடும். மாமாவை அங்கே விடாதே. குமுதாவை விடாதே. வருகிற வியாழக்கிழமை கமிட்டி முன்னால் நான் நிற்கவேண்டும், அது வரைக்கும் இங்கிருந்து நகரக் கூடாது என்கிறார்கள். அது முடிந்து சனிக்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

கணேசு


சுங்கை நீப்பா தோட்டம்
4 மார்ச் 2024, திங்கள்

கணேசு,

உன் கடிதம் இன்று காலையில் கிடைத்தது. கோயில் படியில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டுத் தேதியை விரல் விட்டு எண்ணினேன்.

போன வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உன் மாமா எட்டாம் பிளாக்கில் நாலாவது வரிசையில் நடந்துகொண்டிருந்தார். முந்தின நாளும் அதே இடத்தில் நடந்தவர்தான். தரை நன்றாகத்தான் இருந்ததாம், சருகு மூடி. இடது கால் தொடை வரைக்கும் இறங்கிவிட்டது. உள்ளே தணல். பாராங்கைப் பக்கத்து மரத்தில் கொத்தி, அதைப் பிடித்து இழுத்து வெளியே வந்திருக்கிறார். ரோடு வரைக்கும் தவழ்ந்திருக்கிறார். கோயிலுக்குத் தண்ணீர் கொண்டு வந்த மீரா சாகிபு அண்ணன் பார்த்துவிட்டு, லோரித் தண்ணீர் பூராவையும் அவர் காலில் திறந்துவிட்டு, அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றைக்கு முனியாண்டிக்கு அபிஷேகம் இல்லை. வெள்ளிக்கிழமை நீ அடித்தபோது ஆபீசில் யாரும் இல்லாததற்குக் காரணம் இதுதான், எல்லோரும் பிளாக்கில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். உன் மாமா போன் அந்தக் குழிக்குள் கிடக்கிறது.

முட்டிக்குக் கீழே கால் இருக்குமா இருக்காதா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நீ போனை எடுத்து வைத்தாய். புதன்கிழமை உட்கார்ந்திருந்தாய். அந்த இரண்டு நாளில் எந்த நேரம் சொல்லியிருந்தாலும் அவர் இன்றைக்கு இரண்டு காலோடு வீட்டில் இருப்பார். நீ பயந்தாய். நானும் பயந்தவள்தான். கிராணியின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டியவள், தினமும் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு உன் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

உன் மாமாவிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "உன் தம்பி சொன்னது பாதிதான் பலிச்சிருக்கு நாகு, பாக்கியையாவது பலிக்காம பாத்துக்கச் சொல்லு" என்றார். அந்த நிலையிலும் அவருக்குக் கேலி. நான் வெளியே வராந்தாவுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பாக்கி என்ன என்று உனக்குத் தெரியும். லயத்தில் இருபத்திரண்டு வீடு இருக்கிறது. குகன் எட்டாம் பிளாக்குக்கு மட்டும் கயிறு கட்டிவிட்டு, "அது தனிக் குழிக்கா, எவனாவது குப்பை கொளுத்தியிருப்பான்" என்கிறார். அவருக்குப் பின்னால் சுவரில் உன் பச்சைப் படம் இன்னும் தொங்குகிறது. தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் எல்லோரும் தங்கிக்கொள்ளலாம் என்று தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். ஆனால் ஒருவரும் கிளம்பவில்லை. நேர்த்தி முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது, பாதியில் விட்டுப் போகக் கூடாது என்கிறார்கள். வள்ளியம்மா என் முகத்துக்கு நேரே கேட்டாள், "உன் தம்பியே ஆபத்தில்லைன்னு கலர் அடிச்சு அனுப்பியிருக்கான், நீ என்னடி புதுசா சொல்றே?" என்று. நான் சொல்லி எடுபடவில்லை. கமிட்டி வந்து, படம் வந்து, அது வரைக்கும் தரை காத்திருக்காது.

அதனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை சிவராத்திரி. காலை பூஜைக்கு இருபத்திரண்டு வீடும் கோயில் முன்னால் நிற்கும். அங்கே மட்டும்தான் லைனும் நன்றாக வரும். ஏழு மணிக்கு என் நம்பருக்கு அடி. நான் எடுக்கிறேன். கோயில் ஒலிபெருக்கியில் வைக்கிறேன், சேதுவிடம் பேசிவிட்டேன். படம் தப்பு என்று சொல்லு. யார் போட்ட படம், எதனால் தப்பு, நீ எத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாய், எல்லாவற்றையும் சொல்லு. உன் மாமா பெயரைச் சொல்லு. முனியாண்டி முன்னால் நீ சொன்னால் நம்புவார்கள், மண்டபத்துக்குக் கிளம்புவார்கள். சனிக்கிழமை நீ வருவது உன் மாமாவுக்காக. வெள்ளிக்கிழமை உன் குரல் வரவேண்டியது லயத்துக்காக.

சத்தியத்தைப் பற்றி யோசிக்காதே. இன்று கடிதத்தைப் படித்த கையோடு எலுமிச்சம்பழம் அறுத்து வைத்து, "அவன் குரலைக் கேட்கப் போகிறேன், குற்றமென்றால் என் மேல் வை" என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை, குமுதாவிடம்கூட. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் பெட்டியை வேலிக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, நம்ம வீட்டு அடுப்படிக்குப் பின்னால் புதைத்தேன். அங்கே யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. சனிக்கிழமை முப்பத்தொன்று காட்டியது. நேற்று இருபத்தொன்பது. இன்றைக்கு இருபத்தாறு.

குமுதா இந்த நாலு நாளாகப் பாய் வேண்டாம் என்கிறாள். வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தால் இதமாக இருக்கிறதாம். அப்பா இல்லாததால் பிள்ளை ஏதோ சொல்கிறது என்று விட்டுவிட்டேன். இன்று விடியற்காலை நானும் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் தரையில் கையை வைத்துப் பார்த்தேன்.

ஐந்து மணிக்குத் தரை ஏன் சூடாக இருக்கிறது, கணேசு?

அக்கா